சிறு விமானத்தின் எரிபொருள் குழாய்கள்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக் காவலூருக்குச் செல்வோர், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தை அடைகின்றனர். உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறையப் பெட்ரோல் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். மலைப்பாதையில் நாம் பொருட்படுத்தாத இவ்வுண்மை, பல்லாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்தில் உயிரைப் பற்றியதாகிறது. ஆவிக்குமிழ் குழாயை அடைத்தால் இயந்திரம் நின்றுவிடும்.

தம் கையாலேயே விமானம் அமைப்போர் நம் நாட்டிலும் உளர். மும்பையில் அமோல் யாதவ் தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் உருவாக்கிய விமானம் 2017ஆம் ஆண்டு அரசின் பதிவைப் பெற்றது. இத்தகைய முயற்சியில் எரிபொருள் குழாயைத் தேர்வோர் மூன்றினைக் கருதுதல் வேண்டும்.

முதலாவது, பொருள். எத்தனால் கலந்த பெட்ரோல் சாதாரண ரப்பரை உப்பச்செய்து சிதைக்கும். ஆதலின் அவ்வெரிபொருளைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட குழாயே ஏற்றது.

இரண்டாவது, வெப்பம். இயந்திர அறையில் தீத்தடுப்பு உறையிட்ட குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கி அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது, இணைப்பு. விமான இணைப்பின் கூம்பு 37 பாகை. மோட்டார் வண்டிகளில் 45 பாகைக் கூம்பும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. சில அளவுகளில் மரையும் ஒத்துச் சுழலும். ஆயினும் கூம்புகள் ஒன்றன்மீது ஒன்று படியாமையால் எரிபொருள் கசியும். கசிவை நிறுத்த மேலும் முறுக்கினால் குழாயின் விரிந்த வாய் வெடித்துவிடக்கூடும்.

மரை ஏறிவிட்டதாலேயே இணைப்பு பொருந்திவிட்டதென்று கொள்ளலாகாது. கோணத்தை அளந்தறிந்த பின்னரே முறுக்குதல் வேண்டும்.