புது ஐயர் வருமுன்

கொற்கைப் பக்கம் ஒரு சிறிய சேகரத்தில் முப்பத்தெட்டு வருஷம் கமிட்டியில் இருந்தவன் நான். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் மினிட் புத்தகம் எப்போதும் என் கையில்தான். ஏழு ஐயர்மாரை வரவேற்று, ஏழு பேரையும் வழியனுப்பியிருக்கிறேன். ஒரே குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளைச் சேர்த்துச் சேகரம் என்போம். எங்கள் வட்டாரத்தில் குருவானவரை ஐயர் என்போம்; அவர் வீட்டம்மா ஐயரம்மா. இந்த வருஷம் முதல்தடவையாகச் சேகரக் கமிட்டிக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஐயருக்கு மாறுதல் என்ற பேச்சு எழுந்த அன்றே "அடுத்து யாரு?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். கேட்பது தப்பில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறையக் கிடக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. நமக்குள்ள உரிமை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவின் எப்பிஸ்கோப்பல் திருச்சபைக்கும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நமக்கும் ஆங்கிலிக்கன் வேர் உண்டு. ஆனால் அங்கே ஒரு சபையின் குருவானவர் விலகினால், அடுத்தவரைத் தேடுவது அந்தச் சபையின் பொறுப்பு. தேடல் குழு அமைப்பார்கள். தங்கள் சபை எப்படிப்பட்டது என்று ஒரு விவரக் குறிப்பு எழுதி வெளியிடுவார்கள். விருப்பம் தெரிவித்தவர்களோடு பேசுவார்கள்; சில நேரம் அவர்கள் ஊழியம் செய்யும் ஊருக்கே போய், ஞாயிறு ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கடைசியில் வெஸ்ட்ரி ஒருவரைத் தெரிந்தெடுக்க, பேராயரின் இசைவோடு அவர் வருவார். நம் ஊரில் வெஸ்ட்ரி என்றால் ஐயர் அங்கி மாற்றும் அறை; அங்கே சபை நிர்வாகக் குழுவுக்கே அந்தப் பெயர். இவ்வளவும் முடிய ஒரு வருஷம் ஆவது அங்கே சாதாரணம்.

நம்மிடம் ஐயரை அனுப்புவது பேராயரின் கீழுள்ள திருமண்டலம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பல வீட்டுப் பழக்கம் ஒரே வீட்டுக்குள் வந்தது. காங்கிரிகேஷனல் சபைகளில் சபையாரே போதகரை அழைப்பார்கள். மெதடிஸ்டுகளில் மாநாடு போதகர்களை ஊர் மாற்றி மாற்றி அனுப்பும். ஆங்கிலிக்கரிடம் பேராயரின் கை ஓங்கியிருந்தது. எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து கண்ட ஏற்பாடுதான் இன்று நம்மிடம் இருப்பது: நியமனம் திருமண்டலத்தின் கையில், ஆனால் தன் மனதைச் சொல்லச் சபைக்கு வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த வாய்ப்பைச் சின்னதாக நினைக்காதீர்கள். ஒப்புக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பி வீணாக்கவும் செய்யாதீர்கள்.

2. ஆளைக் கேட்காதீர்கள். தேவையைச் சொல்லுங்கள்.

இதை நான் அடிபட்டுக் கற்றேன். நான் கமிட்டிக்கு வந்த புதிதில், பக்கத்துச் சேகரம் ஒன்றில் பிரபலமாயிருந்த ஓர் ஐயர்தான் வேண்டும் என்று மனு எழுதி, வீடு வீடாய்ப் போய்க் கையெழுத்து வாங்கினோம். மனுவை எழுதியது நான்தான். என் கையெழுத்து அழகாயிருக்கும் என்று எனக்குப் பெருமை வேறு. கேட்டவர் வரவில்லை, வேறொருவர் வந்தார். நல்ல மனிதர். ஆனால் ஊர் முழுக்க ஏற்கெனவே ஒரு பெயரைச் சொல்லி வைத்திருந்தோமே! அவர் எது செய்தாலும் "அவர் வந்திருந்தா..." என்று பேச்சு கிளம்பியது. அந்த ஐயர் ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "வாத்தியாரய்யா, நீங்க கேட்ட ஆள் நான் இல்லைன்னு எனக்குத் தெரியும். இந்த ஊருக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க, செய்யறேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை நாங்கள் எங்களுக்குள் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றுமுதல் மனு எழுத வேண்டிய சமயத்தில் ஒரு பெயரும் எழுதியதில்லை. இப்படித்தான் எழுதினோம்: இத்தனை சபைகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இவ்வளவு தூரம், பஸ் இல்லாத ஊர் இரண்டு; வாலிபர் கூட்டம் நின்று மூன்று வருஷமாயிற்று; கிணற்றடி நிலம் ஒன்றில் வழக்கு இருக்கிறது; குடி பல வீட்டைக் கெடுத்திருக்கிறது; நடந்தும் சைக்கிளிலும் வீடு வீடாய்ப் போகிற ஆள் இருந்தால் நல்லது. எழுதியது எல்லாமே கிடைத்துவிடாது. என்றாலும் வருகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வருவார்.

ஆள் வேண்டும் என்று கேட்பது நம் மண்ணில் சபையளவு பழையது. பாளையங்கோட்டையில் 1778-இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தாவும் அவரோடிருந்த சிறு கூட்டமும், தங்களுக்கு ஓர் ஊழியர் வேண்டும் என்று தஞ்சாவூரில் இருந்த மிஷனெரி ஸ்வார்ட்ஸிடம் கேட்டார்கள். அப்படி வந்தவர் சத்தியநாதன். 1790-இல் தஞ்சாவூரில் அவருக்குக் குருப்பட்டம் ஆனது. அந்தச் சிறு கூட்டம் தன் தேவையை அறிந்து கேட்டது.

3. பதிவேட்டைத் திறந்து உண்மையான எண்ணிக்கை எடுங்கள்.

1780-ஆம் வருஷத்துப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர். நம் சபைகளின் கணக்கு அங்கே தொடங்குகிறது. பதிவேடு எழுதுவதில் நாம் கெட்டிக்காரர்கள்; பெயரை அடிப்பதில்தான் தயக்கம்.

போன தடவை மாறுதலுக்கு முன்னால் உபதேசியாரும் நானும் வெஸ்ட்ரியில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து, குடும்பப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தோம். பழைய அட்டை, முதுகில் காடாத் துணி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பெயராய் அவர் வாசிக்க, நான் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். தூத்துக்குடி. சென்னை. சென்னை. துபாய். பம்பாய். பூட்டிய வீடு. பாட்டி மட்டும். பாட்டி மட்டும். மதியம் ஆவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. பதிவேட்டில் இருந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் ஊரில் இல்லை. அசனப் பண்டிகைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களை வைத்தே நாங்கள் எங்களைப் பெரிய சபை என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

கொற்கையைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் குளக்கரையில் நின்று "கடல் எங்கே?" என்று கேட்பார்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இது. ஆனால் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் கிழக்கே பல கிலோமீட்டர் ஒதுங்கிவிட்டது. சுற்றிலும் வயலும் வாழையும். இடையன்குடி மிஷனெரி கால்டுவெல் 1870-களில் இங்கே வந்து தோண்டிப் பார்த்தார். மண்ணுக்கடியில்தான் அந்தப் பழைய கொற்கை கிடைக்கிறது. நம் சபைக்கும் அப்படி ஆகியிருக்கலாம். முதியவர்கள் மட்டும் தங்கியிருக்கும் சபைக்கு வேண்டிய ஐயர் வேறு. பிள்ளைகள் நிறைந்த சபைக்கு வேண்டியவர் வேறு. பழைய கணக்கைக் கொடுத்து ஆள் கேட்டால், இல்லாத ஊருக்கு ஆள் கேட்டதாகிவிடும்.

4. பிரசங்கத்தை மட்டும் வைத்து மதிப்பிடாதீர்கள்.

கன்வென்ஷன் மேடையில் நன்றாய்ப் பேசுகிறவர் நல்ல சேகரகுருவாய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவர் இருந்த சேகரத்துக் கோயில்பிள்ளையிடம் கேளுங்கள். மணி அடிக்கிறவருக்கும் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியாத ஐயர் இல்லை. துக்க வீட்டில் அடக்கம் முடிந்து எல்லாரும் போனபிறகு அவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேளுங்கள். ஏழை வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டால் எந்த நேரம் வந்தார் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஐயர் பிரசங்கத்தில் தடுமாறுவார், தாளைப் பார்த்தே வாசிப்பார். காலரா மாதிரிப் பேதி பரவிய ஒரு மழைக்காலத்தில் பாதிரி அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் தூக்கியவர் அவர்தான். அவர் போன அன்று கோயிலுக்கு வராதவர்களும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள்.

5. ஜாதியும் உறவும் நுழைகிற கதவை அடைத்துவிடுங்கள்.

இதை மழுப்பிச் சொல்ல மாட்டேன். நம் சேகரங்களில் "நம்ம ஆளா?" என்ற கேள்வி ஐயர் வருமுன்னே வந்துவிடுகிறது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, யாருக்குச் சம்பந்தம், திருமண்டலத் தேர்தலில் எந்த அணி. அந்தக் கேள்வியை முதலில் கேட்கிறவர் கமிட்டியில் எவ்வளவு பெரியவராய் இருந்தாலும், அங்கேயே "வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். மரியாதையாய்ச் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரே தண்ணீரில் பிள்ளைகளை எடுத்துக் கொடுத்தவர்கள் நாம். நான் இளமையில் இதைச் சொல்லாமல் இருந்த நேரங்கள் உண்டு. அவை இப்போதும் நெஞ்சில் உறுத்துகின்றன.

6. பெண் குருவானவர் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். நம் திருச்சபை பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கிறது; நந்தியால் திருமண்டலத்தில் 2013-இல் புஷ்பா லலிதா பேராயராகவே ஆனார். மனுவில் "ஆண் குருவானவர்" என்று எழுத வேண்டும் என யாராவது கேட்டால், எழுதாதீர்கள்.

7. ஓர் ஆளுக்காகச் சபையைப் பிளக்காதீர்கள்.

மிஷனெரி இரேனியஸ் பாளையங்கோட்டைக்கு 1820-இல் வந்தவர். ஊர் ஊராய்ச் சபைகளும் பள்ளிகளும் எழும்ப அவர் உழைத்தது கொஞ்சமல்ல. அவர் லுத்தரன் முறையில் பட்டம் பெற்றவர். தமிழ் உபதேசிமாருக்கும் அந்த முறைப்படியே குருப்பட்டம் ஆக வேண்டும் என்று நினைத்தார். அவரை அனுப்பிய சி.எம்.எஸ். மிஷனெரிச் சங்கம் ஆங்கிலிக்கன் முறையில்தான் என்றது. யார் ஐயராவது, அவரை யார் ஆக்குவது என்பதுதான் சண்டை. 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. ஊரைவிட்டுப் போனவர் திரும்பி வந்தார். ஊர்கள் இரண்டு கட்சியாய் நின்றன. 1838-இல் அவர் இறந்த பிறகு, பிரிந்தவர்கள் மெல்ல மெல்லத் திரும்பிச் சேர்ந்தார்கள். எவர் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதாடலாம். நான் நினைப்பது அந்த மூன்று வருஷம் ஒரே தெருவில் இருந்து இரண்டு இடத்தில் ஜெபித்த குடும்பங்களை. இன்றைக்கு நம் சண்டைகள் நீதிமன்ற வாசல் வரை போகின்றன. மாறுதல் உத்தரவை எதிர்த்து நிற்க யாராவது உங்களைக் கூப்பிட்டால், கையெழுத்துப் போடுமுன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசியுங்கள்.

8. இரண்டு ஐயருக்கும் இடைப்பட்ட காலத்தை வீணாக்காதீர்கள். பக்கத்துச் சேகரத்து ஐயர் பொறுப்பு வகிப்பார். நற்கருணைக்கு ஓய்வுபெற்ற ஐயர் யாராவது வந்து போவார். அன்றாடம் சபையைத் தாங்குவது உபதேசியார்தான். ஆதியில் நம் கிராமங்களை மிஷனெரிமார் எப்போதாவது வந்து பார்த்தார்கள்; தினம் காலையும் மாலையும் ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார். அவருடைய சம்பளம் இந்த மாதங்களில் பாக்கி நிற்கக் கூடாது. கைப்பிடி அரிசிக் காணிக்கையை யார் எடுப்பது என்று எழுதி வையுங்கள்.

9. போகிறவரை நன்றாய் அனுப்புங்கள். கணக்கை முடித்து, சேர வேண்டிய படியைக் கொடுத்து, கேட்ட குறைகளை அவரோடு முடித்துவிட்டு அனுப்புங்கள். வழியனுப்புக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தி, மறுநாள் டீக்கடையில் பழி சொல்லுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. புதியவர் காதுக்கு முதலில் எட்டுவது அந்த டீக்கடைப் பேச்சுதான்.

10. பழைய மிஷனெரிமாரை அளவுகோலாக்காதீர்கள்.

கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருந்தார். ஜான் தாமஸ் மெய்ஞ்ஞானபுரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல். மர்காஷிஸ் நாசரேத்தில் அதே போல. அவர்கள் கட்டிய கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சில வருஷத்தில் மூட்டை கட்ட வேண்டிய இன்றைய ஐயரிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம். அவருக்கும் பிள்ளை படிப்பு இருக்கிறது, வயதான தாயார் வேறு ஊரில் இருக்கிறார்.

11. ஐயர் குடியிருக்கும் பங்களாவைப் பாருங்கள்.

உத்தரவு வந்த வாரமே போய்ப் பாருங்கள். சமையல்கட்டு ஓடு ஒழுகுகிறதா, மோட்டார் ஓடுகிறதா, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா. ஆண்கள் மட்டும் போகாதீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள், அவர்கள் கண்ணுக்குத்தான் அம்மிக்கல் உடைந்தது தெரியும்.

நான் கண்ட மாறுதல்களில் அநேகம் கோடை லீவில்தான். மே மாத வெயிலில் லாரி வரும். கட்டில், பீரோ, அட்டைப்பெட்டிகளில் புத்தகம், கடைசியாய் ஒரு சைக்கிள். ஒருமுறை லாரிக்குப் பின்னால் வந்த காரிலிருந்து ஐயரின் மகள், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், தொட்டியில் ஒரு ரோஜாச் செடியை மடியில் வைத்தபடி இறங்கியது. நாங்கள் மாலையும் கையுமாய் ஐயரைச் சூழ்ந்துகொண்டோம். அந்தப் பிள்ளையைக் கவனித்தது கோயில்பிள்ளை ஒருவர்தான். செடியை வாங்கி, நிழல் பார்த்துக் கிணற்றடியில் வைத்து, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். "ஸ்கூல் பஸ் எங்க நிக்கும் தாத்தா?" என்று அது கேட்க, கையைப் பிடித்துக் கூட்டிப் போய் இடத்தைக் காட்டிவிட்டு வந்தார்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஐந்து வீட்டிலிருந்து போட்டி போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒரு வீடு போதும். இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் தூக்குச்சட்டியில் வைத்து, வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அவர்கள் களைத்திருப்பார்கள்.