தொங்கிய கம்பி

தில்லியில் ஒரு ஜூன் மாத மாலை. மறுநாள் விடியற்காலையில் மணாலி வழியாக லே நகருக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படத் தந்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மகளின் கண்ணில் ஒரு மின்கம்பி பட்டது. அது வலப்பக்க மூடிக்குக் கீழே, எதனோடும் சேராமல் தொங்கியது.

“அப்பா, இது எதற்கான கம்பி?”

“தெரியவில்லையே, அம்மா. வண்டி ஓடுகிறது, விளக்குகள் எரிகின்றன. தேவையற்ற கம்பியாக இருக்கும். வெட்டிவிடலாம்” என்று கூறித் தந்தை குறட்டை எடுத்தார்.

“எதற்கென்று தெரியாமல் வெட்டலாமா, அப்பா?”

தந்தையின் கை நின்றது.

மோட்டார் சைக்கிளில் தொங்கும் கம்பிகள் எல்லாம் ஒருவகையின அல்ல. சில, கூடுதல் விளக்கு போன்றவற்றைப் பின்னர்ப் பொருத்துவதற்காக விடப்பட்டவை. சில, முன்பு பொருத்திக் கழற்றிய கருவியின் எச்சம். வேறு சில, வண்டியின் அதிர்வினால் இடம்விட்டுக் கழன்றவை. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

அவற்றை அப்படியே விடுவதும் தவறு. பேட்டரியின் எதிர்முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கும். மின்சாரம் உள்ள கம்பியின் முனை அச்சட்டத்தில் பட்டால் ஃபியூஸ் உருகிவிடும். ஃபியூஸ் இல்லாத கம்பியாயின் தீப்பற்றவும் கூடும்.

தந்தை மல்டிமீட்டரை எடுத்து, நேர்மின்னோட்டத்தில் 20 வோல்ட் அளவுக்குத் திருப்பினார். கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், சிவப்பு முனையைக் கம்பியின் நுனியிலும் வைத்தார். சாவியைத் திருப்பும் முன் அளவு 0, திருப்பியபின் 12.4 வோல்ட். பேட்டரியிலிருந்து நேராக வரும் கம்பி அன்று அது. சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் பெறும் கம்பி என்பது தெளிவாயிற்று.

அடுத்து, கம்பியின் நிறத்தை இருவரும் பார்த்தனர். கறுப்பின்மேல் சிவப்புக் கோடு ஓடியது. நிறங்களின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆதலால் அந்த வண்டிக்குரிய மின்சுற்றுப் படத்தை விரித்தனர். அந்நிறக் கம்பி ஹாரன், கைப்பிரேக், கால்பிரேக் ஆகிய மூன்றின் சுவிட்சுகளுக்கும் சென்றது.

“ஒவ்வொன்றாகப் பார்ப்போம், அப்பா” என்று மகள் வண்டியின் பின்னே சென்று நின்றாள்.

ஹாரன் ஒலித்தது. கைப்பிரேக்கைப் பிடித்ததும் பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது. கால்பிரேக்கை மிதித்தார், விளக்கு எரியவில்லை. மீண்டும் மிதித்தார், அப்போதும் எரியவில்லை.

தந்தை சற்று நேரம் பேசவில்லை. “நான் காலால் பிரேக் பிடித்தபோதெல்லாம், பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவே இல்லையே! மலைச்சரிவில் ஒரு லாரி பின்தொடர்ந்து வந்திருந்தால்?” என்றார்.

சாவியை அணைத்துவிட்டுக் கால்பிரேக் சுவிட்சைப் பார்த்தார். அதில் ஒரு முனை வெறுமையாக இருந்தது. கம்பியை அதில் செருகி, மீண்டும் இழுபடாதவாறு சட்டத்தோடு கட்டினார். இம்முறை மிதித்தவுடன் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

மறுநாள் விடியலில் வண்டி தெருமுனையில் திரும்பியபோது அவ்விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. மகள் வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

சொற்பொருள்
ஆயத்தம் – முன்னேற்பாடு
குறடு – பிடிக்கவும் வெட்டவும் உதவும் கருவி
எச்சம் – எஞ்சி நிற்பது

விடையளிக்க
1. தொங்கும் கம்பிகளின் மூன்று வகைகள் யாவை?
2. மல்டிமீட்டர் காட்டிய இரு அளவுகளிலிருந்து தந்தை அறிந்தது என்ன?
3. விளக்குகள் எரிகின்றன என்று தந்தை எண்ணியதில் இருந்த பிழை யாது?
4. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி இப்பாடத்துக்கு எவ்வாறு பொருந்தும்?

மொழிப்பயிற்சி
கம்பி கழன்றது – தன்வினை. தந்தை கம்பியைக் கழற்றினார் – பிறவினை.
இவ்வாறே பிறவினையாக்குக: உருகியது, திரும்பியது.

நினைவில் கொள்க
பெரியவர் துணையின்றி மின்னிணைப்புகளைத் தொடுதல் கூடாது.