பழைய ஜீப்புக்குப் புது டேங்க்

பழைய மஹிந்திரா டீசல் ஜீப் வைத்திருப்பவர்களை டேங்க் ஒருநாள் படுத்தாமல் விடாது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் தகரப் பெட்டி அது. சேறும் ஈரமும் மூலைகளில் தங்கித் தங்கி, அடித்தகடு துருவேறி, ஊசித்துளையாகக் கசிய ஆரம்பிக்கும். என் ஜீப்புக்கு அந்த நிலை வந்தபோது தாம்பரத்து மெக்கானிக்குகள் இரண்டு வழி சொன்னார்கள்: புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழைய டேங்க் தேடுவது, அல்லது அளவெடுத்துப் புதிதாகச் செய்வது. புதுப்பேட்டையில் கிடைப்பதும் நம்முடையதைப் போலவே வயதானதாகத்தான் இருக்கும் என்பதால் புதிதாகச் செய்தேன். மலையேற்றியும் தண்ணீரில் இறக்கியும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது ஆகச் சுலபமான கேள்வி. சரிவில் டீசல் எந்தப் பக்கம் ஒதுங்கும், தண்ணீருக்குள் நிற்கும்போது டேங்குக்குக் காற்று எங்கிருந்து வரும் என்று யோசித்த பிறகுதான் தகட்டை வெட்ட வேண்டும்.

அதற்கும் முன்னால், கசியும் பழைய டேங்க் பற்றி ஓர் எச்சரிக்கை. "காலியாத்தானே சார் இருக்கு, ஒரு பத்தவைப்பு வச்சிடலாம்" என்று பட்டறையில் யாராவது சொன்னால், டேங்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய் சூட்டில் ஆவியாகி, அங்கிருக்கும் காற்றோடு கலந்து வெடிக்கும். பெட்ரோல் போல டீசல் சட்டென்று பற்றாது என்பதெல்லாம் வெல்டிங் சூட்டுக்கு முன் செல்லாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இங்கே வருகிறது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் நான் அசல் இடம், அசல் கொள்ளளவு இரண்டையும் மாற்றவில்லை. பெரிய டேங்கோ கூடுதல் டேங்கோ வேண்டுமென்றால், தகடு வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். பிஎஸ்-6 வண்டிகளில் இந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து.

தகடு 16 கேஜ், சாதாரண மைல்டு ஸ்டீல். துருப்பிடிக்காதே என்று ஜி.ஐ. தகட்டைப் பலர் சிபாரிசு செய்வார்கள், கேட்காதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு டீசலோடு வினைபுரிந்து சோப்புப் பசை போலாகி ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும். கணக்கு எளிது: 50 செ.மீ. நீளம், 40 அகலம், 20 உயரம் என்றால் 40 லிட்டர். வெயிலில் டீசல் விரியும் என்பதால் ஐந்து சதவீதம் காலியிடம் விட வேண்டும்.

அந்த 40 லிட்டர் கிட்டத்தட்ட 33 கிலோ. குலுங்கும் பாதையில் அத்தனை எடையும் ஒரே வீச்சில் சுவரில் மோதினால் வெல்டிங் இணைப்பு நாளடைவில் விரிசல் விடும். மேல்மூடியை மூடும் முன் உள்ளே குறுக்காகத் தடுப்புத் தகடுகள் வைக்க வேண்டியது இதற்காகத்தான். தடுப்பின் கீழ்மூலைகளைக் கத்தரித்தால் டீசல் போய்வரும், மேல்மூலைகளைக் கத்தரித்தால் காற்று போய்வரும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். கால் டேங்க் டீசல் மொத்தமும் பின்பக்கம் ஒதுங்கிவிடும். உறிஞ்சு குழாய் முன்பக்கம் இருந்தால் காற்றை இழுத்து இன்ஜின் நிற்கும். அந்தச் சரிவிலேயே ஸ்பேனர் பிடித்து ஏர் எடுக்க வேண்டியதுதான். குழாயின் முனையைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் போல அடைப்பு வைத்தால், ஒதுங்கும் டீசலில் கொஞ்சம் அங்கேயே தேங்கும். முனை அடித்தகட்டிலிருந்து ஒரு செ.மீ. மேலே இருக்கட்டும். வண்டலும் தண்ணீரும் அதற்குக் கீழே தங்கும், டிரெயின் பிளக்கைக் கழற்றி அவ்வப்போது இறக்கிவிடலாம்.

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்பதைப் பார்த்தவர்கள், டேங்குக்குள் காற்று விடும் பிரீதர் குழாயை அலட்சியம் செய்ய மாட்டார்கள். டேங்குக்கு மேலேயே அதை முடித்துவிடாமல், ரப்பர் ஹோஸ் போட்டு பானெட் உயரத்துக்காவது கொண்டுபோய், முனையைக் கீழ்நோக்கி வளைத்து வையுங்கள். அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசல் இருந்தும் இன்ஜின் திணறும். அப்படித் திணறும்போது மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தமே கேட்கும்.

கசிவுச் சோதனையை ஒரு சொட்டு எண்ணெய் படும் முன்பே முடித்துவிட வேண்டும். எண்ணெய் பட்டால் அதுவும் பழைய டேங்க்தான், மறுபடி வெல்டிங் வைக்க முடியாது. எல்லா வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. காற்று மட்டும் ஏற்றினோம். மிஞ்சினால் தட்டைச் சுவர் பானை போல உப்பிவிடும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினோம். நீளமான இணைப்புகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. மூன்று தகடு கூடும் ஒரு மூலையில் மட்டும் கடுகளவு நுரை, துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. காற்றை இறக்கி, அந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி பற்றவைத்தார்கள்.

பொருத்தும்போது டேங்கைச் சேசிஸோடு நேரடியாக வெல்டிங் செய்யக் கூடாது. மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கும், கூடவே டேங்கும் முறுக்கிக் கிழியும். இரும்புப் பட்டை போட்டு, இடையில் ஈரம் குடிக்காத ரப்பர் கொடுத்து இறுக்கினால் போதும். முதல் சில ஓட்டத்துக்குப் பின் போல்ட்டுகளை மறுபடி முடுக்கி, டீசல் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் வெல்டிங் பொருக்கு கொஞ்சம் உள்ளே ஒட்டியிருக்கும். அது உதிர்வது அந்த நாட்களில்தான்.