ஓர் இரவுச் சுறா வேட்டை: விலங்கியல் நோக்கில் சில செய்திகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

முன்னுரை

விலங்கியல் பயிலும் நமக்குச் சுறா புதிய விலங்கன்று. ‘ஸ்கோலியோடான்’ என்ற பெயரைப் பாடநூலின் தொடக்கப் பக்கங்களிலேயே கற்றுக்கொள்கிறோம். 1928ஆம் ஆண்டில் இச்சுறாவைப் பற்றி விரிவான நூலொன்றை எழுதி, இந்தியக் கல்லூரிகள் அனைத்திற்கும் வழிகாட்டியவர் தில்லையம்பலம் என்னும் தமிழ்ப் பெண்மணி என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆயினும் புத்தகத்துச் சுறா வேறு; கடலில் துள்ளும் சுறா வேறு. நான் நாகைக் கடற்கரையைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான் ஒருவனே. கடந்த மாசி மாதம் என் தாய்மாமனின் படகில் ஓர் இரவு சென்று கண்டவற்றையும், வகுப்பில் கற்றவற்றையும் இணைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

படகும் தூண்டிலும்

எங்களுடையது கண்ணாடி இழையாலான சிறு படகு. அதில் நால்வர் தொழில் செய்வர். அன்று என்னுடன் ஐவர். பிற்பகலில் புறப்பட்டு, கரை கண்ணுக்கு மறைந்து வெகு நேரம் ஓடிய பின் பொழுது சாயும் வேளையில் எஞ்சினை நிறுத்தினர்.

சுறாவுக்குப் பயன்படுவது ஆயிரங்கால் தூண்டில். நீண்ட தாய்க்கயிறு ஒன்று. அதில் சம இடைவெளி விட்டுப் பல கிளைக்கயிறுகள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு தூண்டில் முள். முள்ளுக்கு மேலே சிறிதளவு கம்பி கட்டியிருப்பர். நைலான் கயிற்றைச் சுறா ஒரே கடியில் அறுத்துவிடும் என்பதே காரணம். இரை பெரும்பாலும் மத்தி, துண்டுபோட்ட சூரை, கணவாய். கயிறு மூழ்கிப் போகாதிருக்க மிதவைகளும், இருட்டில் இடம் தெரிய முனையில் ஒரு விளக்கும் உண்டு.

கயிற்றை இறக்குவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நீரோட்டத்தின் போக்கை அறியாமல் இறக்கினால் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மாமா ஒரு சிறு இரைத் துண்டை நீரில் போட்டு, அது நகரும் திசையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் படகைத் திருப்பச் சொன்னார். ஜி.பி.எஸ். கருவியும் கைப்பேசியும் படகில் இருந்தன. எனினும் கார்த்திகைக் கூட்டம் மேற்கே சாய்ந்ததைப் பார்த்தே, “நடுச்சாமம் ஆவப் போவுது, கொஞ்சம் கண்ணசருங்க” என்றார் அவர்.

இரவு ஏன்?

சுறாக்களில் பல வகைகள் இருளில்தான் சுறுசுறுப்பாக இரை தேடுகின்றன. ஒளி குறைந்த நீரில் சுறாவுக்கு உதவும் புலன்கள் பல. முதலாவது மோப்பம். இரையிலிருந்து கசியும் பொருள்கள் நீரோட்டத்தில் பரவ, சுறா அந்த வாடையைப் பின்பற்றி வருகிறது. இரை பழையதாக இருக்கக் கூடாது என்று மீனவர் வலியுறுத்துவதன் பொருள் இங்கே விளங்குகிறது. இரண்டாவது பக்கக் கோட்டு உறுப்பு. இது நீரின் அதிர்வை உணரும். மூன்றாவது, முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் லோரன்சினி குமிழ்கள். 1678இல் இத்தாலியரான லோரன்சினி இவற்றை விவரித்தார். உயிர்களின் தசைகள் இயங்கும்போது உண்டாகும் மிக நுண்ணிய மின்புலத்தை இவை உணரும் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. படகின் பலகையில் கிடந்த ஒரு பால் சுறாவின் மூக்குப் பகுதியை அழுத்தியபோது, அத்துளைகளிலிருந்து கூழ் போன்ற திரவம் வெளிவந்ததை நான் கண்டேன். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய விடை, கையில் பிசுபிசுத்தது.

கயிறு மேலே வந்தபோது

பின்னிரவில் கயிற்றை இழுக்கத் தொடங்கினோம். பாதிக்கு மேற்பட்ட முட்கள் வெறுமையாகவே வந்தன. சில முட்களில் கெளுத்தி, இரண்டில் திருக்கை. பால் சுறா ஏழு கிடைத்தன. கடைசிப் பகுதியில் கயிறு கனத்தது. ஏறக்குறைய ஐந்தரை அடி நீளமுள்ள, துடுப்பின் முனைகள் கறுத்த சுறா ஒன்று வந்தது. அது படகை எட்டும் முன்பே உயிர் விட்டிருந்தது. இவ்வகைச் சுறா ஓயாமல் நீந்தித் தன் செவுள்களில் நீரைப் பாயச் செய்வது. முள்ளில் மாட்டி நீந்த இயலாதபோது விரைவில் மூச்சுத் திணறிவிடும்.

சுறாவுக்கு எலும்பில்லை, உடற்கூடு முழுவதும் குருத்தெலும்பே. காற்றுப்பையும் இல்லை. அதற்கு ஈடாக எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் உண்டு. நீரைவிட எண்ணெய் இலேசானதாதலால் அது மிதக்க உதவுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுக் காட் மீன் எண்ணெய் வரத்துத் தடைப்பட்டது. அப்போது சென்னை மாகாணத்திலும் திருவிதாங்கூரிலும் சுறா ஈரல் எண்ணெய் எடுக்கப்பட்டு, வைட்டமின் ஏ குறைவுக்கு மருந்தாக வழங்கப்பட்டது. மரப்படகுகள் இருந்த காலத்தில் பலகை உளுக்காதிருக்க இதே எண்ணெயைத்தான் பூசினர்.

சமையலறை வேதியியல்

பிடித்த சுறாவை மாமா உடனே குடல் நீக்கி, இரத்தம் வடியவிட்டு, ஐஸில் புதைத்தார். ஏன் இத்தனை அவசரம்? கடல்நீரின் உப்பு தன் உடல் நீரை உறிஞ்சிவிடாதிருக்கச் சுறா தன் இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு விழுக்காடு யூரியாவைத் தேக்கி வைத்துள்ளது. இறந்த பின் பாக்டீரியாக்கள் இந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. நேரமான சுறாவில் மூக்கைத் துளைக்கும் நெடி இதுவே.

இனி என் தாயாரின் முறையைக் காண்க. சுறாத் துண்டுகளைப் புளிக்கரைசலில் ஊறவைத்துக் கழுவுவார். அம்மோனியா ஒரு காரம். புளியில் இருப்பதோ டார்டாரிக் அமிலம். அமிலம் காரத்தை நடுநிலையாக்குகிறது. பின்பு மஞ்சள் சேர்த்துக் கொதிநீரில் வேகவைத்து, தோலை உரித்தெடுப்பார். மணற்காகிதம் போன்ற அத்தோலில் இருப்பவை, நம் பற்களைப் போன்ற அமைப்புடைய தகட்டுச் செதில்கள். வெந்த சதையை உதிர்த்து, நீர் போகப் பிழிந்து, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலையுடன் கிளறினால் சுறாப்புட்டு. எழுதப் படிக்க அறியாத என் தாயார் செய்வது முறையான வேதியியல் என்பதை இக்கல்லூரிக்கு வந்த பிறகே உணர்ந்தேன்.

பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது எங்கள் பகுதி வழக்கம். அது நல்ல புரத உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். சிறு மீனைப் பெரிய மீன் உண்ண, அதனைச் சுறா உண்ண, ஒவ்வொரு படியிலும் மெத்தில் பாதரசம் உடலில் சேர்ந்துகொண்டே வருகிறது. வயது முதிர்ந்த பெரிய சுறாக்களில் இதன் அளவு மிகுதி. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியை இது பாதிக்கும் என்பதால், கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கும்படி அமெரிக்கா போன்ற நாடுகளின் உணவுத் துறைகள் அறிவுறுத்துகின்றன. என் தமக்கைக்கு அண்மையில் குழந்தை பிறந்தது. எங்கள் துறைப் பேராசிரியரிடம் கேட்டறிந்த பின் வீட்டில் இதனை எடுத்துச் சொன்னேன். “உன்னைப் பெத்தப்ப நான் சாப்பிடலையா?” என்று தாயார் கேட்டார். ஆயினும் மறுநாள் அக்காவுக்கு மத்திக் குழம்புதான் வைத்தார்.

முதலும் வட்டியும்

கரை திரும்பும் வழியில் அந்தப் பெரிய சுறாவைக் கீறினர். உள்ளே ஐந்து குட்டிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முழ நீளம்; ஒவ்வொன்றிலும் தொப்புள்கொடி. இவ்வினத்தில் மஞ்சள்கருப்பையே சூல்கொடியாக மாறிக் குட்டிக்கு உணவூட்டுகிறது. படகில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. “மாப்ளே, இதெல்லாம் ஒன் புஸ்தகத்துல இருக்கா?” என்றார் மாமா. இருக்கிறது என்றேன். “அப்ப இதையும் எழுது. நான் ஒன் வயசுல வந்தப்ப கயித்தை இழுக்க ஆறு பேரு வேணும்.”

அவர் சொன்னதன் பொருளைக் கணக்காகவே காணலாம். ஒரு மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓராண்டு அளவிலேயே பருவமடையும். இக்கருமுனைச் சுறாவோ பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும். கருக்காலம் பத்து முதல் பன்னிரண்டு மாதம். ஓர் ஈற்றில் பெரும்பாலும் நான்கு முதல் ஏழு குட்டிகள். அதுவும் பொதுவாக ஓராண்டு விட்டு ஓராண்டு. மத்தி, நாள் வட்டி தரும் பணம். சுறா, பல்லாண்டு பொறுத்தால் சிறு வட்டி தரும் பணம். சினைச் சுறாவைப் பிடிப்பது வட்டியோடு முதலையும் எடுத்துச் செலவழிப்பதாகும்.

இது எங்கள் குப்பத்துக் கவலை மட்டுமன்று. 1970ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால், பெருங்கடல்களில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு கூறுகிறது.

சட்டமும் மீனவனும்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 மே மாதம் திமிங்கிலச் சுறா காப்புப் பெற்றது. அவ்வாண்டு ஜூலையில் எல்லாச் சுறாக்களும் திருக்கைகளும் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. மீனவர் பிழைப்பு பாதிக்கப்பட்டதால் டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகக் குறைக்கப்பட்டது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியக் கூடாது என்ற விதி 2013இலும், துடுப்பு ஏற்றுமதித் தடை 2015இலும் வந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் காப்புப் பட்டியலை மாற்றியமைத்தது. அது 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

காக்கப்பட்ட இனங்களுள் ஒன்று வேளா. வாள் போன்ற நீண்ட மூக்கின் இருபுறமும் பல் வரிசை கொண்டது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு அதனைத் தெய்வமாக வணங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அக்கொம்பு வேளாவின் வாளே என்று கருதுவோர் உளர். முழுநிலா நாளில் அவர்கள் கடலுக்குச் செல்லாமல் ஓய்ந்திருந்ததையும் அந்நூலால் அறிகிறோம். அதே கரையில் இன்று தொழில் செய்யும் என் மாமா, தம் சிறு வயதுக்குப் பின் ஒரு வேளாவையும் கண்டதில்லை.

சட்டம் தேவை. ஆனால் பட்டியலிலுள்ள இலத்தீன் பெயர்களைப் படகிலுள்ளவர் படிக்க இயலாது. உள்ளூர்ப் பெயரும் படமும் கொண்ட பலகை ஒன்று ஒவ்வொரு மீன்பிடித் துறையிலும் இருந்தால் பயன்படும். எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் சினைச் சுறாக்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன என்பதை முதிய மீனவரிடம் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். அவ்விடங்களில் அம்மாதங்களில் தூண்டில் இறக்காமலிருக்க ஊர்ப் பஞ்சாயத்தே முடிவு செய்தால், வெளியிலிருந்து வரும் ஆணையைவிட அது நன்கு நிலைக்கும் என்பது என் கருத்து. உயிரோடு வரும் சினைச் சுறாவைக் கயிற்றை வெட்டி விட்டுவிடவும் பழகலாம். அதனால் ஒரு நாள் வருவாய் குறையும். அந்த வருவாயின் மதிப்பை நான் அறிவேன். என் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்தே வருகிறது.

முடிவுரை

கடற்கரையிலிருந்து வந்து நம் கல்லூரியில் பயிலும் மாணவர் பலர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். கரைக்கு வரும் சுறாவின் பெயர், நீளம், ஆணா பெண்ணா, சினை உண்டா, பிடித்த இடம், நாள் ஆகிய இவ்வளவே போதும். கவ்விகள் இருப்பின் ஆண், இல்லையேல் பெண் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதினால் நம் துறையிடம் நம் கடலைப் பற்றிய கணக்கு ஒன்று இருக்கும். எங்கள் ஊரில் இப்பணியைச் சென்ற பங்குனியில் தொடங்கியிருக்கிறேன். மீனின் நீளத்தை அளந்து சொல்பவர் மாமா; எழுதுபவன் நான்.