தொட்டால் நகரணும், விட்டால் நிக்கணும்!

முதலாண்டில் நாம் எல்லோரும் அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்தோம். திருப்புத்திறன், ஈர்ப்பு மையம், உராய்வுக் கெழு... பரீட்சை எழுதி முடித்த மறுநாளே மறந்தும் விட்டோம்! இந்த மூன்றையும் ஒரே ராத்திரியில் ஞாபகப்படுத்திவிடும் ஒரு கருவி உண்டு. அதுதான் டாப்சோனியன் தொலைநோக்கி.

ஜான் டாப்சன் 1915-ல் பீஜிங்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். வேதியியல் பட்டதாரி. 1944-ல் சான்பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். ஆம், ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த மடம்தான்! துறவியின் கையில் காசு ஏது? கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். காங்கிரீட் தூண் வார்க்கிற அட்டைக் குழாயை உடலாக்கி, பிளைவுட் பெட்டியில் பீரங்கி மாதிரி உட்கார வைத்தார். 1967-ல் மடத்தை விட்டு வெளியேறியவர், 1968-ல் நண்பர்களோடு சேர்ந்து நடைபாதை வானியல் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தெருவில் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு நிலாவையும் சனியையும் காட்டினார். 2014-ல் தமது 98-ஆம் வயதில் மறைந்தார்.

அமைப்பு ரொம்ப எளிது. குழாயின் இரு பக்கமும் வட்டத் தட்டுகள். அவை ராக்கர் பெட்டியின் பக்கப் பலகைகளில் டெஃப்லான் துண்டுகள் மேல் உட்கார்ந்து மேலும் கீழும் சுழலும். பெட்டி, தரைப் பலகையிலுள்ள மூன்று டெஃப்லான் துண்டுகள் மேல் இடமும் வலமும் சுழலும். கியர் கிடையாது, மோட்டார் கிடையாது, பூட்டும் திருகும் கிடையாது. உராய்வு ஒன்றுதான் பிரேக். அந்த பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று பார்ப்போம். 6 அங்குல ஆடி, 1200 மி.மீ. குவியத் தூரம். 8 மி.மீ. ஐபீஸ் போட்டால் 150 மடங்கு பெரிதாகும். சாதாரண ஐபீஸில் அப்போது தெரிகிற வானம் சுமார் 20 கோண நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. முழு நிலாகூட அதில் அடங்காது. பூமி சுழல்வதால் வான நடுக்கோட்டருகே உள்ள பொருள் நிமிடத்துக்கு 15 கோண நிமிடம் ஓடுகிறது. நடுவில் வைத்த வியாழன் 40 விநாடியில் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும்! ஆகவே நாம் தள்ளிக்கொண்டே இருக்கணும். எவ்வளவு தள்ளணும்? சுழல் அச்சிலிருந்து 70 செ.மீ. தள்ளிக் குழாயைப் பிடித்தால், ஒரு கோண நிமிடத்துக்கு 0.2 மி.மீ. ஒரு நிமிடம் முழுக்கத் தள்ளினாலும் 3 மி.மீ.தான். இதைக் கையால், இருட்டில், ஆடாமல் செய்யணும்.

இப்போது சமநிலைக்கு வருவோம். குழாய் எடை 10 கிலோ என்று வையுங்கள். வட்டத் தட்டின் ஆரம் 7.5 செ.மீ. டெஃப்லான் மேல் சன்மைக்கா சறுக்கும்போது உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.1. டெஃப்லான் துண்டுகள் செங்குத்துக் கோட்டுக்கு இருபுறமும் 35 டிகிரியில் இருந்தால், செங்குத்து விசைகளின் கூடுதல் 10-ஐ கொசைன் 35-ஆல் வகுக்க வருவது, சுமார் 12.2 கிலோ. ஆக, உராய்வின் திருப்புத்திறன் 0.1 × 12.2 × 7.5, சுமார் 9 கிலோ-செ.மீ. ஐபீஸ் இருப்பது 70 செ.மீ. தூரத்தில். 9-ஐ 70-ஆல் வகுத்தால் 130 கிராம். அவ்வளவுதான் நம் பிரேக்கின் பலம்! 100 கிராம் ஐபீஸைக் கழற்றிவிட்டு 500 கிராம் அகலப் பார்வை ஐபீஸ் போட்டால் கூடுதல் 400 கிராம், 28 கிலோ-செ.மீ. குழாய் 'டபக்'கென்று மூக்கைக் கவிழ்த்துவிடும்.

பிரேக்கை இறுக்கிவிட்டால் போச்சு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. குழாய் தாங்கும் கூடுதல் எடை எவ்வளவோ, அதே அளவு விசையை நம் விரலும் கொடுத்தால்தான் குழாய் நகரும். 400 கிராமைத் தாங்கும்படி இறுக்கினால் 400 கிராம் விசை கொடுத்துத்தான் 0.2 மி.மீ. நகர்த்தணும். எப்படி முடியும்? எடையை எடையால்தான் சரிக்கட்டணும். ஆடிப் பக்கம், அச்சிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் 700 கிராம் வைத்தால் 28-க்கு 28 சரியாகிவிடும். இரும்புக் குழாயென்றால் பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும், 'பச்சக்'கென்று ஒட்டிக்கொள்ளும், வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். அட்டை, மரக் குழாய்க்குத் துணிப்பையில் மணல்.

குழாயைப் படுக்கை வாட்டில் வைத்துச் சமன் பார்த்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். ஈர்ப்பு மையம் அச்சுக்கு முன்னாலோ பின்னாலோ இருந்தால்தான் படுக்கை நிலையில் தெரியும். ஐபீஸும் ஃபைண்டரும் குழாயின் மேல்புறம் துருத்திக்கொண்டிருப்பதால் ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேலேயும் ஏறியிருக்கலாம். படுக்கையில் அது சாதுவாக இருக்கும். குழாயை 70 டிகிரிக்கு நிமிர்த்திப் பாருங்கள், தானாகவே பின்னால் சாயும்! இதற்குக் குழாயின் அடிவயிற்றில், அதாவது ஃபைண்டருக்கு எதிர்ப்புறம், எடை வைக்கணும். புதிதாகச் செய்பவர்கள் வட்டத் தட்டுகளையே ஃபைண்டர் பக்கமாகக் கொஞ்சம் ஏற்றிப் பொருத்திவிடலாம். படுக்கை, 45 டிகிரி, 70 டிகிரி என்று மூன்று நிலையிலும் சோதிப்பது உத்தமம்.

அடுத்து உராய்வு. கிரீஸ், எண்ணெய் பக்கமே போகாதீர்கள், தூசி பிடித்துக் கெடும். பால்பேரிங் போட்டால் பிரேக்கே இருக்காது. ஏன் டெஃப்லான்? பெரும்பாலான பொருள்களில் நிலை உராய்வு அதிகம், இயக்க உராய்வு குறைவு. தள்ளத் தள்ள அசையாது, அசைந்தால் எகிறிக் குதிக்கும். குதித்தது 3 மி.மீ. என்றாலே வியாழன் காணாமல் போய்விடும். டெஃப்லானும் சொரசொரப்பான சன்மைக்காவும் சேர்ந்தால் இரண்டு உராய்வும் கிட்டத்தட்ட ஒன்று. பளபளப்பு மைக்காவைவிடப் புள்ளி புள்ளியாய் இருப்பதே மேல். சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ சுமை என்பது நல்ல கணக்கு. மொத்தம் 20 கிலோ என்றால் மூன்று துண்டும் ஒவ்வொன்றும் 2.6 செ.மீ. சதுரம். ஆணித் தலை டெஃப்லானுக்குள் புதைந்திருக்கணும், இல்லாவிட்டால் மைக்காவைக் கீறிவிடும்.

தரைப் பலகைக்கு மூன்று கால்தான், நான்கு வேண்டாம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. டெஃப்லான் துண்டுக்கு நேர் கீழேயே கால் வரணும், தள்ளி வைத்தால் பலகை வளைந்து ஸ்பிரிங் மாதிரி ஆடும். நடு போல்ட்டின் நட்டை முறுக்கித் தள்ளிவிடாதீர்கள்; அது வழிகாட்டி மட்டுமே.

ஆட்டத்துக்கு ஒரு சோதனை. ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபடி குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். ஒன்றிரண்டு விநாடியில் அடங்கினால் நன்று. ஐந்து விநாடி ஆடினால் எங்கோ திருகு லூஸ், அல்லது ராக்கர் பெட்டியின் முன்பலகை சரியில்லை. பக்கப் பலகைகள் சாயாமல் பிடிப்பது அந்த முன்பலகைதான். மொட்டை மாடியைவிட மண் தரை நல்லது. மாடியில் ஒருவர் நடந்தாலும் படம் நடுங்கும், பகல் சூடு வேறு சிமெண்டிலிருந்து கிளம்பிக் காற்றை அலைக்கும். காற்று வீசினால் நீளக் குழாய் பாய்மரம் மாதிரி, சுவர் மறைவுதான் கதி.

ஊர் மக்களுக்குக் காட்டும்போது இதெல்லாம் இரட்டிப்பு முக்கியம். ஒரு பாட்டி வரிசையில் நின்று, குனிந்து, ஐபீஸைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பார். அவருக்குச் சனியின் வளையம் தெரியணும், வெறும் இருட்டு தெரியக்கூடாது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போடுங்கள். கைகள் தன்னால் அங்கே போய்விடும். குறைந்த திறனுள்ள ஐபீஸையே போட்டு, பொருள் வந்து நுழைகிற ஓரத்தில் அதை வையுங்கள். 50 மடங்கில் ஒரு டிகிரி வானம் தெரியும், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நான்கு நிமிடம். மூன்று பேர் நிதானமாகப் பார்த்து முடித்த பிறகு ஒருமுறை தள்ளினால் போதும். பகலில் மட்டும் மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள், சூரியன் கண்ணைப் பறித்துவிடும்.