புள்ளி வேறு, நிலை வேறு

தில்லியில் அலுவலக வேலையாக மாதம் இருமுறையாவது விமானம் ஏறுபவன் நான். எது மலிவோ அதில் ஏறினேன். மூன்று கம்பெனிகளில் உறுப்பினர் எண். மூன்றிலும் அரைகுறைப் புள்ளிகள். சென்ற சித்திரையில் ஊரிலிருந்து திரும்புகையில், அம்மா கொடுத்த அரிசியும் வடாமும் எடை மீற, கவுண்டரில் பணம் கட்டினேன். அப்புறம்தான் விதிகளைப் படித்தேன்.

புள்ளி இலவச டிக்கெட்டுக்கு. கிரெடிட் கார்டாலும் சேரும். சில்வர், கோல்டு என்னும் நிலையோ பெரும்பாலும் ஓராண்டுக்குள் ஒரே திட்டத்தில் பறந்த கணக்கைப் பொறுத்தது. மூன்றாகப் பிரித்தால் எதிலும் எட்டாது.

ஆகவே உங்கள் ஊருக்குப் பறக்கும் கம்பெனி எது, அது எந்தக் கூட்டணியில் இருக்கிறது என்று பாருங்கள். ஏர் இந்தியா 2014-இல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. அக்கூட்டணியின் கோல்டு நிலை பெற்றவருக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் லுஃப்தான்சாவிலும்கூட லவுஞ்ச் உண்டு. எடைக் கணக்குள்ள தடங்களில் 20 கிலோ கூடுதல். (என் வடாம் பிழைத்திருக்கும்!) அலுவலகம் வாங்கிய டிக்கெட்டானாலும் கணக்கு பயணியின் பெயரில்தான் ஏறும்.

புள்ளிகளைப் பூட்டி வைக்காதீர்கள். ஜெட் ஏர்வேஸ் 2019-இல் பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தது.

ஆண்டுக்கு இருமுறை மட்டும் குடும்பத்தோடு ஊர் போகிறவர்கள் நிலையைத் துரத்த வேண்டாம். மலிவான டிக்கெட்டே லாபம். நான் இப்போது ஒரே திட்டத்தில் இருக்கிறேன். கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைக் கிழிப்பதில்லை.