தந்தையின் பிழையும் மகனின் உயிரும்

பாபிலோனிய வேந்தன் ஹமுராபியின் சட்டக்கல் 1901-02இல் சூசா நகர அகழ்வில் கிடைத்தது. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரனின் மகன் மடிந்தால், கட்டியவனின் மகனைக் கொல்க என்பது அதன் 230ஆம் விதி. பிழை தந்தையுடையது, போகும் உயிரோ மகனுடையது!

இதனை மனத்திற்கொண்டு, மூஸா (அலை) அவர்களின் பெயரோடு வழங்கும் விவிலியச் சட்டநூல்களை நோக்குவோம். முட்டும் மாடென்று அறிந்தும் கட்டிவைக்காதவனின் மாடு பிறர் மகனைக் கொன்றால், மாட்டுக்காரனே பொறுப்பாளி என்கிறது யாத்திராகமம் (21:31). அவன் பிள்ளையை அது தொடவில்லை. தந்தைக்காகப் பிள்ளையோ, பிள்ளைக்காகத் தந்தையோ கொலையுண்ணலாகாது என அதனைப் பொதுவிதியாக்குகிறது உபாகமம் (24:16). ஏட்டளவில் நின்ற விதியன்று அது. யூதாவின் அரசன் அமத்சியா, தன் தந்தையைக் கொன்ற ஊழியரைக் கொன்றான். இவ்விதியை எண்ணி அவர்தம் பிள்ளைகளை விட்டுவிட்டான் (2 இராஜாக்கள் 14). ஆகாபின் எழுபது புதல்வரை யெகூ கொல்வித்ததும் அதே நூலிற்றான் (10) உள்ளது என்பதை நோக்க, அச்செயலின் அருமை புலனாகும்.

ஆகான் திருடியதற்கு அவன் மக்களும் மாண்டனரே (யோசுவா 7) எனில், ஆம். மூன்றாம், நான்காம் தலைமுறைவரை தண்டனை தொடரும் என்னும் வாசகமும் உண்டு (யாத்திராகமம் 20:5). இவற்றை மறைப்பது ஆய்வாகாது. அவை இறைத்தீர்ப்பு, உபாகமம் கூறுவது மனிதர் மன்றத்துக்குரியது என்பர் உரையாளர் சிலர். எசேக்கியேலோ (18) அவ்வெல்லையையும் கடந்து, இறைவனும் அவரவரிடமே கணக்குக் கேட்பான் என்கிறார்.

ஒருவர் சுமையை மற்றவர் சுமவார் என்னும் கருத்து மூஸா, இப்ராஹீம் (அலை) ஆகியோரின் ஏடுகளிலும் உள்ளதெனத் திருக்குர்ஆன் (53:36-38) சுட்டுவதை நாம் இவ்விடத்தில் வைத்தே படிக்க வேண்டும்.